தலையில் கை வைத்தால் டீ!

உள்ளே வாருங்கள். தலையைக் குனிந்துகொள்ளுங்கள். மூன்றாவது படியில் மட்டும் கால் வைக்காதீர்கள், அங்கே தக்காளிக் கூடை இருக்கிறது.

ஆக்ஸ்போர்டு கால்வாய்க் கரையில் நின்று இந்த ஒல்லிப் படகுகளை எத்தனையோ முறை வேடிக்கை பார்த்திருக்கிறேன். பித்தளை விளிம்பு வைத்த வட்ட ஜன்னல், ரோஜாப்பூ வரைந்த வாளி, புகைபோக்கியில் நூலாகப் புகை. உள்ளே யார் இருப்பார்கள், எங்கே தூங்குவார்கள், எப்படிக் குளிப்பார்கள்? கேள்வி மண்டையைக் குடையும், கதவு மூடியே இருக்கும். இந்த ஜூனில் திறந்துவிட்டது! ஓய்வுபெற்ற ஒரு தம்பதி, அவர்களுடைய சொந்தப் படகு, தேம்ஸ் நதியில் ஆக்ஸ்போர்டிலிருந்து லெச்லேட் வரை மேல்நோக்கி ஏறக்குறைய 50 கிலோமீட்டர். காரில் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரத்துக்கு எங்களுக்கு நான்கு நாள் ஆனது. ஒரு நிமிஷத்தைக்கூட நான் விட்டுத்தர மாட்டேன்.

பெயர் போட வேண்டாம் என்று இருவரும் கேட்டுக்கொண்டார்கள். அவர் பர்மிங்ஹாமில் டவுன் பஸ் ஓட்டியவர், வயது 71. அந்த அம்மா ஆஸ்பத்திரியில் இரவு நர்ஸ், 68. அவர் மனைவியை 'சிஸ்டர்' என்கிறார், மனைவி அவரை 'டிரைவர்' என்கிறார். இங்கிலாந்திலும் மூத்த நர்ஸுக்கு 'சிஸ்டர்'தான் பெயர் என்று தெரிந்தபோது எனக்கு நம்மூர் வார்டு வாசலில் நிற்பதுபோல் இருந்தது. வேலை முடிந்ததும் வீட்டை விற்றார்கள், படகை வாங்கினார்கள். ஆறு வருஷமாக இதுதான் முகவரி. தபால் எல்லாம் மகள் வீட்டுக்குப் போகிறது.

படகின் நீளம் 57 அடி. அகலம் 7 அடிக்கும் கொஞ்சம் குறைவு. ஒன்றரை பஸ் நீளம், ஆனால் ஒரு பஸ்ஸின் அகலம்கூட இல்லை. ஏன் இப்படி என்றால், மத்திய இங்கிலாந்தின் பழைய கால்வாய்களில் பல லாக்குகளை, அதாவது படகை ஏற்றி இறக்கும் நீர்க்கதவு அறைகளை, 7 அடிப் படகு நுழையும் அளவுக்குத்தான் கட்டினார்கள். ஆக்ஸ்போர்டுக்குக் கால்வாய் வந்து சேர்ந்தது 1790-இல். அன்று நிலக்கரி வந்த வழியில் இன்று இவர்களுடைய சமையலறை மிதக்கிறது.

அந்தச் சமையலறையைப் பார்க்க வேண்டுமே! ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும். கேஸ் அடுப்பு, விசிலடிக்கும் கெட்டில், கரண்டிகளைப் பிடித்துக்கொள்ளும் காந்தப் பட்டை. சாப்பாட்டு மேஜையை இறக்கி மெத்தை போட்டால் அதுதான் விருந்தாளிக் கட்டில், அதாவது என் கட்டில். அதன் கீழே உருளைக்கிழங்கு மூட்டை. அலமாரிக் கதவைத் திறந்தால் பேரப்பிள்ளைகளின் ரப்பர் பூட்ஸ் மூன்று ஜோடி கீழே விழுகிறது. "அவங்க வந்தாலும் விழும், வரலைன்னாலும் விழும்" என்று சிஸ்டர் சிரிக்கிறார். கூரைமேல் இன்னொரு வீடே இருக்கிறது. சைக்கிள் இரண்டு, விறகுக்கட்டை, கரி மூட்டை, புதினாத் தொட்டி, நீளக் கம்பு, கரைக்கு இறங்கும் பலகை, சோலார் தகடு. கரையிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது குப்பையாகத் தெரியலாம். ஒன்றையும் எடுக்க முடியாது, எல்லாம் தினம் தேவைப்படுகிறது.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு ஆணி. அதில் படகுச் சாவி தொங்குகிறது, சாவியோடு எலுமிச்சை அளவில் ஒரு தக்கை உருண்டை. தண்ணீரில் விழுந்தால் மிதக்கும். அதற்கு நேர் கீழே ஏழு அறை உள்ள மாத்திரைப் பெட்டி, திங்கள் முதல் ஞாயிறு வரை. தினமும் காலையில் மாத்திரை போடாமல் சாவியைத் தொடக்கூடாது என்பது சிஸ்டரின் சட்டம். அந்த ஆணியையும் பெட்டியையும் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தப் பயணம் முழுக்க அந்த ஒரு சாண் இடத்தில் இருந்தது.

காலை எட்டு மணி. டிரைவர் பின்பக்கப் பலகையைத் தூக்கி இன்ஜின் அருகில் இறங்குகிறார். எண்ணெய் பார்க்கிறார், துணியில் துடைக்கிறார், மறுபடி பார்க்கிறார். சிஸ்டர் படகின் முன்முனையான அணியத்தில் நங்கூரம் சிக்கலில்லாமல் கிடக்கிறதா என்று பார்க்கிறார். கால்வாயில் நங்கூரம் தேவைப்படாது, தண்ணீர் நகராது. ஆற்றில் இன்ஜின் நின்றுபோனால் நங்கூரம்தான் கை. எனக்கும் ஒரு உயிர்காப்புச் சட்டையை மாட்டி, பட்டையை இழுத்துப் பார்த்து, "இப்ப நீங்க எங்க பேஷன்ட்" என்றார்.

ஐசிஸ் லாக்கில் இறங்கினோம். பிறகு ரயில் பாலத்தின் கீழே ஒரு குட்டி வாய்க்கால். அதன் முனையில் திடீரென்று வானம் திறந்தது. தேம்ஸ்! சிஸ்டர் சுக்கான் கட்டையை முழங்காலால் தள்ளினார், 57 அடிப் படகும் யோசித்து யோசித்து வலப்பக்கம் திரும்பியது. ஆம், படகை ஓட்டுவது அவர்தான். நாற்பது வருஷம் பஸ் ஓட்டியவர் பக்கத்தில் கயிறு பிடித்து நிற்கிறார். "நாற்பது வருஷம் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினேனோ அந்தப் பக்கம் வண்டி போச்சு. இதில் இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் போகுது. என் கை கேட்க மாட்டேங்குது. சிஸ்டர் கைக்குப் பழைய பழக்கம் ஒண்ணும் இல்லை." பிரேக்கும் கிடையாது. நிறுத்த வேண்டுமானால் ரிவர்ஸ் கியர், இல்லையென்றால் எதிர்நீரோட்டம். அதனால்தான் கரை ஒதுங்கும்போது எப்போதும் ஓட்டத்தை எதிர்த்த முகமாக வருகிறார்கள். ஆறே பிரேக் பிடித்துக்கொடுக்கிறது.

போர்ட் மெடோ புல்வெளி. குதிரைகளும் மாடுகளும் முட்டளவு நீரில் நின்று எங்களை அலட்சியமாகப் பார்த்தன. 1862 ஜூலை 4 அன்று ஆக்ஸ்போர்டின் கணித ஆசிரியர் சார்லஸ் டாட்ஜ்சன் மூன்று சிறுமிகளைத் துடுப்புப் படகில் ஏற்றிக்கொண்டு காட்ஸ்டோ வரை வந்ததும், வழியில் கதை சொன்னதும் இதே நீரில்தான். மூன்று வருஷம் கழித்து அது ஆலிஸின் அற்புத உலகமாக அச்சில் வந்தது, லூயிஸ் கரோல் என்ற பெயரில். டிரைவருக்கு அந்தக் கதையைவிட அந்தத் துடுப்புகள்மேல்தான் அக்கறை. "எதிர்நீரோட்டத்தில் மூணு பிள்ளைங்களையும் வெச்சுக்கிட்டு துடுப்பு போட்டுக்கிட்டே கதையும் சொல்லணும்னா, அந்த ஆளுக்கு நுரையீரல் நல்லா இருந்திருக்கணும்!"

இனி லாக். ஆற்றுக்கு வைத்த மாடிப்படி என்று நினைத்துக்கொள்ளுங்கள். நம்முடைய பக்கிங்ஹாம் கால்வாயிலும் ஒரு காலத்தில் இவை இருந்தன. படகு உள்ளே போகும், பின்கதவு மூடும், மேலேயிருந்து தண்ணீர் விடுவார்கள், படகு உயரும், முன்கதவு திறக்கும். தேம்ஸில் கடல்நீர் எட்டாத பகுதியில் மொத்தம் 44 லாக்குகள், எங்கள் பாதையில் 11. முதல் லாக்கான காட்ஸ்டோவில் இயந்திரம் உண்டு, காவலர் பொத்தானை அழுத்தினார், முடிந்தது. அடுத்த கிங்ஸ் லாக்கிலிருந்து மேலே எல்லாம் கைவேலை.

நாங்கள் போன நேரம் காவலர் இல்லை. டிரைவர் கரைக்கு ஏறினார். கதவிலிருந்து நீண்டு நிற்கும் மர உத்திரத்தில் முதுகைச் சாய்த்தார். தரையில் குதிகால் பதிய அரைவட்டமாகச் செங்கல் வரி பதித்திருக்கிறார்கள், அதில் காலை ஊன்றித் தள்ளினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் தள்ளினார். காது சிவந்தது. கதவு இரு பக்க நீர்மட்டமும் சமமாகும் வரை அசையாது, சமமானதும் வெண்ணெய் மாதிரி நகரும். அந்த நொடி எப்போது வரும் என்று அவர் முதுகுக்குத் தெரிந்திருக்கிறது! ஓடிப்போய் நானும் முதுகை வைத்தேன். கதவு நகர்ந்தபோது உள்ளுக்குள் எழுந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? டன் கணக்கில் மரமும் நீரும் நம் முதுகுக்கு வழிவிடுகிறது.

உள்ளே சிஸ்டர் இன்ஜினை அணைத்துவிட்டு, முன்னும் பின்னும் கயிற்றைக் கரைக் கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றி நுனியைக் கையில் வைத்திருந்தார். கட்டக்கூடாது, பிடிக்கத்தான் வேண்டும். தண்ணீர் ஏற ஏறக் கயிறு தளரும், தளர்ந்ததை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். முகத்தில் சிரிப்பு இல்லை, பேச்சு இல்லை. ஐ.சி.யு.வில் திரையைப் பார்க்கும் கண்.

படகின் இந்த முனையில் பேசினால் அந்த முனைக்குக் கேட்காது, நடுவில் இன்ஜின் சத்தம் வேறு. அதனால் இவர்களுக்கு ஒரு கைமொழி இருக்கிறது. முஷ்டி மடக்கினால் நிறுத்து. உள்ளங்கையால் காற்றைத் தட்டினால் மெதுவாக. இரண்டு விரல் என்றால் எதிரே இரண்டு படகு. தலையில் கை வைத்தால் டீ! முதல் நாள் டிரைவர் அணியத்தில் நின்று தலையில் கை வைத்ததும் நான் என்னவோ ஏதோ என்று பதறிவிட்டேன். சிஸ்டர் நிதானமாகக் கெட்டிலை எடுத்து என்னிடம் நீட்டினார். மூன்றாம் நாள் மாலைக்குள் நானே தலையில் கை வைக்கத் தொடங்கிவிட்டேன்.

ஐன்ஷம் பக்கத்தில் ஸ்வின்ஃபோர்டு பாலம். 1769-இல் திறந்த பாலம், இன்றும் தனியார் சொத்து, காருக்கு 5 பென்ஸ் சுங்கம் வாங்குகிறார்கள். மேலே கார்கள் வரிசையில் நிற்க, கீழே நாங்கள் காசில்லாமல் போனோம். டிரைவர் ஒவ்வொரு முறையும் இங்கே தொப்பியைக் கழற்றி மேலே பார்த்து ஆட்டுவாராம். ஆட்டினார்.

அதற்குக் கொஞ்ச தூரத்தில்தான் இன்ஜின் இருமியது. படகு தளர்ந்தது. சிஸ்டர் பதறவில்லை. மெதுவாகக் கரைக்குக் கொண்டுவந்தார், நான் கயிறு பிடித்தேன், டிரைவர் இரும்பு முளையை மண்ணில் வைத்துச் சுத்தியலால் அடித்தார். பிறகு சட்டையைக் கழற்றினார். பின்தளத்தில் படகை உந்தும் விசிறிக்கு நேர் மேலே ஒரு சின்ன மூடி உண்டு. சாவியைக் கழற்றிப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டுதான் அதைத் திறக்க வேண்டும், யாரும் தெரியாமல் இன்ஜினைக் கிளப்பிவிடக் கூடாதே. அவர் குப்புறப் படுத்துத் தோள்வரை கையை உள்ளே விட்டார். ஜூன் மாதத்திலும் தண்ணீர் ஐஸ். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தேடுகிறார், கத்தியால் அறுக்கிறார், முணுமுணுக்கிறார். இருபது நிமிஷத்தில் வெளியே வந்தது: ஒரு உரச்சாக்கு, ஒரு கை நீளத் தூண்டில் நரம்பு.

சிஸ்டர் உடனே ஒரு நோட்டை எடுத்து எழுதினார். விசிறியில் சிக்கிய எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு! புரட்டிப் பார்த்தேன். படுக்கை விரிப்பு ஒன்று. பேன்ட் இரண்டு. குழந்தையின் சால்வை ஒன்று, பக்கத்தில் 'துவைத்துக் காயவைத்துக் கொடுத்தாச்சு' என்று குறிப்பு. ஆளைத் தேடிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த நோட்டுக்காகவே நான் இந்தப் படகில் ஏறியிருக்கலாம்.

இரவு. ஜூனில் ஒன்பதரை வரை வெளிச்சம். படகை நிறுத்தினாலும் வேலை முடியாது. விசிறித் தண்டு வெளியே போகும் துளையில் ஆற்றுநீர் உள்ளே கசியாமல் இருக்க, ஒரு பித்தளை மூடியைக் கையால் இறுக்கி கிரீஸை உள்ளே தள்ள வேண்டும், கை கனமாகும் வரை. அது டிரைவரின் வேலை. தண்ணீர்த் தொட்டி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது சிஸ்டர். குளியல் இரண்டு நிமிஷம். மீதி ஒரு வேலை இருக்கிறது, அதை ஆற்றோரத்தில் நடப்பவர்கள் யாரும் யோசிப்பதே இல்லை. கழிப்பறையின் அடியில் சூட்கேஸ் மாதிரி ஒரு பெட்டி. நிறைந்ததும் உருவி எடுத்து, அதற்கென்று வசதி உள்ள இடத்துக்குச் சுமந்துபோய்க் கொட்டிக் கழுவ வேண்டும். யார் சுமப்பது? தினமும் ரம்மி. தோற்றவர் சுமக்க வேண்டும். நான் இருந்த மூன்று இரவும் டிரைவர்தான் தோற்றார். சீட்டைக் கலைக்கும்போதே சிஸ்டரின் விரல்களைப் பார்த்தால் முடிவு தெரிந்துவிடும்.

விடியற்காலை நாலரைக்கு யாரோ படகைத் தட்டினார்கள். டொக், டொக், டொக். எழுந்து உட்கார்ந்தேன். என் தலைக்கு ஒரு சாண் தள்ளி, இரும்புச் சுவருக்கு வெளியே. ஜன்னல் திரையை விலக்கினால், அன்னம்! படகின் நீர்க்கோட்டில் படிந்த பாசியைக் கொத்தித் தின்கிறது, பின்னால் சாம்பல் நிறக் குஞ்சுகள் ஐந்து. சிஸ்டர் ஏற்கெனவே பின்தளத்தில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷ இரவு வேலை, இந்த நேரத்தில் தூக்கம் வராதாம். "வார்டில் இந்த நேரம்தான் ரொம்பப் பயம். இங்கே இந்த நேரம்தான் ரொம்ப அழகு" என்றார். இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் நாள் மழை. லாக்கில் மஞ்சள் பலகை தொங்கியது: நீரோட்டம் கூடுகிறது. சிவப்பு வந்தால் இன்ஜின் படகுகள் போகவே வேண்டாம் என்று அர்த்தம். மஞ்சளில் 'கூடுகிறது' என்றால் பத்திரமான இடத்தில் கட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள், 'குறைகிறது' என்று மாறினால் ஜாக்கிரதையாகப் போகலாம். ஆனாலும் டிரைவருக்குப் போக ஆசை. சிஸ்டர் ஒரு குச்சியை எடுத்து நீர் விளிம்பில் குத்திவைத்தார், அரை மணி கழித்துப் பார்த்தார், குச்சியில் இரண்டு விரல் நனைந்திருந்தது. "ஜுரம் ஏறிக்கிட்டு இருக்கு. இன்னிக்கு டிஸ்சார்ஜ் கிடையாது." பேச்சு அவ்வளவுதான். அன்று முழுக்க அங்கேயே கிடந்தோம், டிரைவர் பட்டாணிச் சூப் வைத்தார், ஒரு நாள் கூடிப்போனதும் அப்படித்தான். ஆற்றை மதிக்கிறவர்களோடு போவதுதான் எனக்கு நிம்மதி.

மறுநாள் பலகையில் 'குறைகிறது' என்று மாறியிருந்தது. நியூபிரிட்ஜைக் கடந்தோம். பெயர்தான் புதுப்பாலம், வயது எழுநூறைத் தாண்டும். இங்கே ஆறு ஒல்லியாகி, பாம்பாக வளைகிறது. ஆக்ஸ்போர்டில் ஆஸ்னி பாலத்தின் கீழே இடைவெளி ஏழரை அடிதான் என்பதால் உயரமான சொகுசுப் படகுகள் இங்கே ஏறி வர முடியாது. மேல் தேம்ஸின் இந்த அமைதிக்கு அந்தக் குள்ளப் பாலமும் ஒரு காரணம். வில்லோ மரங்கள் கூரையைத் தடவின, புதினாத் தொட்டி ஒருமுறை சரிந்தது. ஆறு நேராக ஓடும் ஓர் இடம் கிடைத்ததும் சிஸ்டர் சுக்கானை என் கையில் கொடுத்தார். கை நடுங்கியது. இடப்பக்கம் தள்ளினேன், ஒன்று, இரண்டு, மூன்று எண்ணியபின் அணியம் வலப்பக்கம் நகர்ந்தது. இத்தனை பெரிய ஒன்று என் முழங்கைக்குப் பதில் சொன்னது! ஒரு மீன்கொத்தி நீலக் கோடாகக் குறுக்கே போனது. திரும்பிப் பார்த்தால் டிரைவர் தலையில் கை வைத்து நிற்கிறார்.

ராட்காட்டில் சிரிப்பெல்லாம் நின்றது. பழைய பாலத்தின் பக்கமாக 1787-இல் வெட்டிய தனி வாய்க்கால், அதன்மேல் ஒற்றை வளைவுப் பாலம், அதுவும் திருப்பத்தில். அணியம் உள்ளே நுழையும்போது பின்பக்கம் இன்னும் திருப்பத்தில் இருக்கிறது. டிரைவர் முன்னால் மண்டியிட்டு விரலால் வழி சொல்கிறார். கூரைச் சாமான்களுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு முழம். சிஸ்டர் உதட்டைக் கடித்தபடி ஒரு முறை, ஒரே ஒரு முறை இன்ஜினை உறுமவிட்டார். உரசல் இல்லை. அந்தப் பக்கம் வந்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, ஆனால் இரண்டு பேர் கையும் ஒரே நேரத்தில் தலைக்குப் போனது.

கெல்ம்ஸ்காட் கரையில் இறங்கி நடந்தோம். ஆங்கிலக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1871 முதல் 1896-இல் இறக்கும் வரை வாடகைக்கு வைத்திருந்த பழைய கல்வீடு இங்கே இருக்கிறது, அவர் கல்லறையும் இந்த ஊரில்தான். 1880-இல் அவர் குடும்பத்தோடும் நண்பர்களோடும் 'ஆர்க்' என்ற வீட்டுப்படகில் லண்டனிலிருந்து கிளம்பி இதுவரை ஆற்றிலேயே வந்தார். டிரைவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அந்தப் படகில் பெட்டியை யார் சுமந்தாங்கன்னு எங்கேயும் எழுதலையே" என்று உண்மையான கவலையோடு கேட்டார்.

கடைசி லாக் செயின்ட் ஜான்ஸ். கரையில் மண்வெட்டி பிடித்துச் சாய்ந்திருக்கும் 'தேம்ஸ் தாத்தா' சிலை. 1854-இல் ரஃபேல் மோன்டி லண்டன் கிரிஸ்டல் பேலஸுக்காகச் செய்தது. டிரைவர் அவருக்கும் தொப்பியை ஆட்டினார். லெச்லேட் பாலம், தேவாலயக் கோபுரம், புல்வெளி, பிறகு இங்கிலெஷம். இதற்குமேல் ஆழம் இல்லை. இங்கே ஒரு சிற்றாறு வந்து சேர்வதால் ஆறு அகன்றிருக்கிறது, அந்த அகலத்தில்தான் படகைத் திருப்ப வேண்டும். சிஸ்டர் அணியத்தைக் கொண்டுபோய் ஓட்டத்தில் நீட்டினார், ஆறு அதைப் பிடித்துத் தள்ளியது, 57 அடியும் கடிகார முள்ளாகச் சுழன்றது. கரையில் பிக்னிக் வந்தவர்கள் கைதட்டினார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு சுற்று. சிஸ்டரின் முதுகில் சட்டை முழுக்க நனைந்திருந்ததை நான் பார்த்தேன்.

லெச்லேட்டில் நான் இறங்கிக்கொண்டேன். அவர்கள் மறுபடி ஆக்ஸ்போர்டுக்கு, அங்கிருந்து கால்வாய் வழியாக வடக்கே. பேரப்பிள்ளைகளின் விடுமுறைக்குள் போய்ச் சேர வேண்டுமாம்.

இங்கிலாந்துப் பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆறு பிறக்கும் இடத்திலிருந்து லண்டன் வரை ஏறக்குறைய 300 கிலோமீட்டருக்குத் தேம்ஸ் கரையோர நடைபாதை இருக்கிறது, 1996-இல் திறந்தது. அது லாக்குகளை ஒட்டியே போகிறது. கிங்ஸ் லாக்குக்கு மேலே எங்காவது ஒரு வயதானவர் மர உத்திரத்தில் முதுகைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், போட்டோ எடுப்பதை நிறுத்திவிட்டு, கேட்டுக்கொண்டு பக்கத்தில் போய் நீங்களும் முதுகை வையுங்கள். கதவு திறந்ததும் தலையில் கை வையுங்கள், டீ வரும்.